பக்தி இருக்கிறது, பக்கத்தில் ஆள் இல்லை

முதியோர் நலம்: மருத்துவர் பதில்

சென்னையின் தென்புறநகரில், அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் ஒன்பதாவது மாடியிலிருந்து 71 வயது அம்மா ஒருவர் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரிய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். நான்கு பக்கக் கடிதத்தின் சாரம் இது.

கணவர் மூன்று ஆண்டுகளுக்கு முன் காலமானார். அதுவரை கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில் வாழ்க்கை. நாலு வீடு தள்ளிச் சிவன் கோயில். வெள்ளிக்கிழமை அம்பாளுக்குப் பூக்கட்டுவது இவர் பொறுப்பு. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சுற்றுவட்டாரத்தில் ஏதாவது ஒரு கோயிலில் திருவாசகம் முற்றோதல், அதாவது முழுவதையும் ஒரே நாளில் ஓதி முடிப்பது. அந்தக் குழுவில் முதலடி எடுத்துக் கொடுப்பவர் இவர்தான். கணவர் போனபின், "இனி தனியாக இருக்க வேண்டாம்" என்று மகன் அழைத்து வந்துவிட்டார். மகனும் மருமகளும் வேலைக்குப் போகிறவர்கள். பேரன் பிளஸ் ஒன் படிக்கிறான். "ஒரு குறையும் வைக்கவில்லை" என்று கடிதத்தில் மூன்று இடத்தில் எழுதியிருக்கிறார். பூஜைக்குத் தனி அலமாரி உண்டு. மருமகள் டிவியில் யூடியூப் போடக் கற்றுக்கொடுத்து, "எல்லாக் கோயில் அபிஷேகமும் இங்கேயே பார்க்கலாம் அத்தை" என்று சொல்லியிருக்கிறார்.

"எட்டரைக்குக் கதவைச் சாத்தினால் சாயங்காலம் ஆறரைவரை நானும் சுவாமி படங்களும்தான். இத்தனை வருஷம் பஞ்சாட்சரம் சொன்னவளுக்கு இந்த வெறுமை வரலாமா டாக்டர்? ஈசன் துணை இருக்கிறான் என்று நம்புகிறவளுக்குத் தனிமை எப்படி வரும்? என் பக்தியில் ஏதோ கோளாறு. இல்லையென்றால் போன ஜன்மத்துப் பாவம்."

குடியிருப்பில் ஆடி வெள்ளிக்குத் திருவிளக்கு பூஜை நடத்தினார்கள். வாட்ஸ்அப் அழைப்பில் "சுமங்கலிகள் மட்டும்" என்று இருந்தது. பக்கத்துப் பெரிய கோயிலுக்கு இரண்டு முறை போனார், பிறகு போகவில்லை. இப்போது ஓர் ஆன்மிக முதியோர் இல்லத்திலிருந்து போன் வருகிறது. புண்ணியத் தலம் ஒன்றில் ஆயுளுக்கும் அறை, மூன்று வேளைச் சாப்பாடு, தினமும் பூஜை என்கிறார்கள். அதற்கு ஊரில் பூட்டிக் கிடக்கும் வீட்டை அவர்கள் அறக்கட்டளைக்கு எழுதிக் கொடுக்க வேண்டுமாம். கேட்பவை மூன்று: என் பக்தியில் என்ன குறை? அந்த இல்லத்துக்குப் போகலாமா? மகன் மனம் நோகாமல் எப்படிச் சொல்வது?

அம்மா, வணக்கம்.

முதல் கேள்விக்கே முதலில் வருகிறேன், மற்ற இரண்டும் அதிலிருந்து கிளைத்தவை. உங்கள் பக்தியில் கோளாறு எதுவும் இல்லை. நம்பிக்கை குறைந்தவர்களுக்குத்தான் தனிமை வரும் என்று மருத்துவமும் சொல்லவில்லை, நீங்கள் ஓதும் பாட்டும் சொல்லவில்லை. திருவாசகத்தின் கோயில் மூத்த திருப்பதிகத்தை எத்தனை முறை பாடியிருப்பீர்கள்! அம்மையும் அப்பனும் அடியேன் நடுவுள் இருப்பதைச் சொல்லிவிட்டு, அதே மூச்சில் மாணிக்கவாசகர் என்ன கேட்கிறார்? "அடியார் நடுவுள் இருக்கும் அருளைப் புரியாய்" என்கிறார். உள்ளே இறைவன் இருந்தும் சுற்றிலும் மனிதர்கள் வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்கிறார். அவர் வெட்கப்படாமல் கேட்டதற்கு நீங்கள் ஏன் வெட்கப்பட வேண்டும்?

போன ஜன்மப் பாவம் என்று எழுதியதுதான் எனக்குக் கவலை. இறைவனைத் துணையாக நினைப்பதும், தண்டிப்பவனாக, கைவிட்டவனாக நினைப்பதும் மனத்துக்கு ஒரே பலனைத் தருவதில்லை. அமெரிக்க உளவியலாளர் கென்னத் பார்கமென்ட் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். முதல் வகை எண்ணம் துன்பத்தைத் தாங்க உதவுகிறது. இரண்டாவது வகை நீடித்தால் மனச்சோர்வும் உடல்நலக் குறைவும் கூடவே வருகின்றன. உங்கள் ஊர், வேலை, தோழிகள், கணவர் எல்லாம் சிறிது காலத்துக்குள் கைவிட்டுப் போயிருக்கின்றன. இவ்வளவு போனால் யாருக்கும் வெறுமை வரும். அதற்குப் போன ஜன்மம் வரை போய்க் காரணம் தேட வேண்டியதில்லை.

இன்னொன்று, இது வயதானவர்களின் நோயும் அல்ல. உலக சுகாதார நிறுவனம் 2025இல் வெளியிட்ட அறிக்கை, உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமையால் வாடுவதாகச் சொல்கிறது. அதிலும் அதிகம் வாடுவது பதின்வயதினரும் இளைஞர்களும்தான். அறைக்கதவைச் சாத்திக்கொண்டு போனோடு இருக்கிறானே உங்கள் பேரன், அவனும் அந்தக் கணக்கில் இருக்கலாம். ஒருநாள் கேட்டுப் பாருங்கள்.

ஒரு விஷயத்தை நேராகச் சொல்லிவிட வேண்டும். தனிமையில் இரண்டு வகை உண்டு என்று ராபர்ட் வைஸ் என்ற சமூகவியலாளர் 1973இலேயே பிரித்துக் காட்டினார். நெருக்கமான ஒருவர் இல்லாத தனிமை ஒன்று. நாம் சேர்ந்த கூட்டம் இல்லாத தனிமை இன்னொன்று. ஒன்றுக்கான மருந்து மற்றொன்றுக்கு வேலை செய்யாது. மாலை ஆறு மணிக்கு உங்கள் கணவர் காபி கேட்கும் நேரத்தில் வருகிற வெறுமை முதல் வகை. எந்தக் குழுவில் சேர்ந்தாலும் அந்த இடம் நிரம்பாது, காலப்போக்கில் மழுங்கும், அவ்வளவுதான். ஆனால் காலை எட்டரையிலிருந்து மாலைவரை உங்களை அரிப்பது இரண்டாவது வகை. அதற்கு வழி இருக்கிறது.

யூடியூப் ஏன் போதவில்லை

மருமகள் நல்ல எண்ணத்தில்தான் கற்றுக்கொடுத்திருக்கிறார். ஆனால் அபிஷேகத்தை நீங்கள் பார்க்கிறீர்கள், உங்களை அங்கே யாரும் பார்ப்பதில்லை. நீங்கள் பார்க்காவிட்டாலும் அது நடக்கும்.

மத ஈடுபாடும் முதுமையும் பற்றி நிறைய ஆராய்ச்சிகள் வந்திருக்கின்றன. 2016இல் ஹார்வர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 74,000க்கும் மேற்பட்ட அமெரிக்கச் செவிலியர்களை நீண்டகாலம் பின்தொடர்ந்த தரவுகளை வெளியிட்டார்கள். வாரத்துக்கு ஒருமுறைக்கு மேல் வழிபாட்டுக்குப் போனவர்களிடையே, போகாதவர்களைவிட இறப்பு விகிதம் மூன்றில் ஒரு பங்கு குறைவாக இருந்தது. கோயிலுக்குப் போனால் ஆயுள் கூடும் என்று இதைச் சிலர் மேடையில் சொல்லிவிடுகிறார்கள். அப்படிச் சொல்ல முடியாது. நடமாட முடிகிறவர்கள்தான் போகவும் முடியும் என்பதும் அதில் கலந்திருக்கிறது. ஆய்வாளர்கள் அதற்கு ஈடுகட்டித்தான் கணக்குப் போட்டார்கள், ஆனாலும் அமெரிக்கக் கிறிஸ்தவப் பெண்களின் கணக்கு அப்படியே நமக்குப் பொருந்திவிடாது. எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது 2010இல் சேயூன் லிம், ராபர்ட் புட்னம் இருவரும் வெளியிட்ட ஆய்வு. வழிபாட்டுக்கு அடிக்கடி போகிறவர்கள் மனநிறைவோடு இருப்பது ஏன் என்று தேடியவர்கள், அங்கே அவர்களுக்கு நண்பர்கள் இருப்பதுதான் காரணம் என்று கண்டார்கள். கூட்டத்தோடு நின்றும் ஒருவரையும் அறியாதவர்களுக்கு அந்தப் பலன் இல்லை. தனியாகச் செய்யும் பிரார்த்தனையும் அந்த இடத்தை நிரப்பவில்லை.

இங்கேதான் நம் கோயில் முறையைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். தேவாலயத்தில் ஞாயிறு திருப்பலிக்கு வராவிட்டால் அன்பியத்தில் (பங்கின் சிறு குழுவில்) யாராவது ஒருவர் "ஏன் பாட்டி வரவில்லை" என்று வீட்டுக்கே வந்து கேட்பார். பள்ளிவாசலில் ஃபஜ்ர் என்ற விடியற்காலைத் தொழுகைக்கு முதல் வரிசையில் நிற்கும் பெரியவர் இரண்டு நாள் வராவிட்டால் தெருவுக்கே தெரியும். நம் கோயில் தரிசனம் அப்படிப்பட்டதல்ல. வரிசையில் நின்று, தீபாராதனை பார்த்து, திருநீறு வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிடலாம். ஒரே கோயிலுக்கு இருபது வருடம் போயும் பக்கத்தில் நிற்பவர் பெயர் தெரியாமல் இருக்கலாம். சென்னைக் கோயிலுக்கு இரண்டு முறை போய் வெறுமையோடு திரும்பினீர்களே, அது இதனால்தான்.

ஊரில் உங்களைக் கூட்டத்தோடு சேர்த்து வைத்தது தரிசனம் அல்ல, வேலை. பூக்கட்ட நீங்கள் வராவிட்டால் அம்பாளுக்கு மாலை தாமதம். நீங்கள் முதலடி எடுக்காவிட்டால் முற்றோதல் தொடங்காது. 51 பதிகம், 658 பாட்டு, காலையில் உட்கார்ந்தால் முடிய மாலையாகிவிடும். நடுவில் யாருக்குத் தொண்டை கட்டுகிறது, யார் வெந்நீர் கொண்டுவந்தார், யார் வரவில்லை என்று எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். ஆகவே என் யோசனை: சென்னையில் தரிசனத்துக்குப் போகாதீர்கள், வேலைக்குப் போங்கள்.

திருவான்மியூர் மருந்தீசுவரர் கோயில் உங்களுக்கு எட்டும் தூரம் என்று நினைக்கிறேன். (மருத்துவர் என்பதால் எனக்கு அந்தப் பெயர்மேல் தனிப் பிரியம்.) சம்பந்தரும் அப்பரும் பாடிய தலம். அங்கோ, வேறு பெரிய சிவாலயத்திலோ திருமுறை பாடும் ஓதுவார் இருந்தால் அவரைப் போய்ப் பாருங்கள். "திருவாசகம் பாடுவேன். இந்தப் பக்கம் முற்றோதல் குழு எது, எப்போது கூடுகிறது?" என்று கேளுங்கள். திருமுறை தெரிந்த குரலை எந்தக் குழுவும் வேண்டாம் என்று சொல்லாது. உழவாரப்பணிக்கு, அதாவது கோயிலைச் சுத்தம் செய்யும் வேலைக்கு, முழங்கால் ஒத்துழைக்காவிட்டால் பூத்தொடுக்கும் வேலையைக் கேளுங்கள். அன்னதானக் கூடத்துக்குக் காய் நறுக்க ஆள் வேண்டுமா என்று கேளுங்கள். முக்கியம், கிழமையும் நேரமும் மாறாமல் இருக்க வேண்டும். ஒரே ஆட்களை வாராவாரம் பார்த்தால்தான் முகம் பெயராகும், பெயர் பழக்கமாகும். முதல் சில வாரம் யாரும் பெரிதாகப் பேச மாட்டார்கள். அதை அலட்சியம் என்று எடுத்துக்கொண்டு நின்றுவிடாதீர்கள்.

மாநகரச் சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அறுபது வயது தாண்டிய சென்னைவாசிகளுக்கு மாதம் பத்து இலவச டோக்கனும் தருகிறார்கள். படி ஏற முடியாத நாளில் ஆட்டோ வைத்துக்கொள்ளலாம்.

ஊர்த் தோழிகளையும் விட வேண்டாம். ஒருவரோடு மட்டும் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்: தினமும் மாலை ஆறு மணிக்குப் போன், ஆளுக்கு ஒரு பாட்டு மாற்றி மாற்றி, பிறகு ஊர்க்கதை. அந்த நேரத்தை வேண்டுமென்றே சொன்னேன்.

கடித ஓரத்தில் எழுதியிருப்பது

மூன்றாம் பக்கத்தின் ஓரத்தில், மற்ற எழுத்தைவிடச் சின்னதாக ஒரு வரி இருக்கிறது: "நீரை அடக்க முடிவதில்லை. நடுவில் எழுந்து ஓட அசிங்கமாக இருக்கிறது." கோயிலுக்குப் போவதை நிறுத்தியதற்கு உண்மையான காரணம் இதுதான் என்றே நினைக்கிறேன். உங்கள் வயதுப் பெண்கள் கல்யாணம், கோயில், பேருந்துப் பயணம் என்று ஒவ்வொன்றாக விட்டுவிடுவதற்குப் பின்னால் இந்தச் சங்கடம் இருப்பதை என் அறையில் அடிக்கடிக் கேட்கிறேன். மகனிடம் சொல்ல மாட்டார்கள், மருத்துவரிடமும் கடைசியில், கதவுப் பிடியில் கை வைத்த பிறகுதான் சொல்வார்கள்.

வயதானால் இப்படித்தான் என்று விட்டுவிடாதீர்கள். முதலில் சிறுநீர்ப் பரிசோதனையும் சர்க்கரை அளவும் பார்க்க வேண்டும். தொற்றோ சர்க்கரையோ காரணமாக இருந்தால் அதைச் சரிசெய்தாலே பாதி குறையும். இரத்த அழுத்தத்துக்குச் சாப்பிடும் மாத்திரைகளில் நீரைப் பிரிப்பது ஏதாவது இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் நீங்களாக நிறுத்த வேண்டாம், வெளியே போகும் நாளில் நேரத்தை மாற்றலாமா என்று மருத்துவர் சொல்வார். மலச்சிக்கலும் இதைக் கூட்டும். இடுப்புத் தளத் தசைகளுக்குப் பயிற்சி இருக்கிறது: சிறுநீரை அடக்குவதுபோல அந்தத் தசைகளை இறுக்கி, ஐந்து எண்ணும்வரை பிடித்துப் பிறகு தளர்த்துவது. பத்து முறை, நாளுக்கு மூன்று வேளை. உட்கார்ந்தபடியே யாருக்கும் தெரியாமல் செய்யலாம். பலன் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும். அதுவரை உறிஞ்சும் பேடு வைத்துக்கொள்ளுங்கள், மருந்துக்கடையில் கிடைக்கும். தண்ணீர் குடிப்பதைக் குறைப்பது மட்டும் வேண்டாம். சிறுநீர் அடர்த்தியானால் சிறுநீர்ப்பை இன்னும் எரிச்சலாகும், வெயில் காலத்தில் தலைசுற்றி விழவும் நேரும்.

அடுத்தது காது. குடியிருப்பு அரங்கில் நடந்த உபன்யாசத்தைப் பற்றி, "பாதி புரியாது. எல்லோரும் சிரித்தால் நானும் சிரிப்பேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். வேடிக்கையாக எழுதியிருக்கிறீர்கள், நான் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. நாலு பேர் நடுவில் பேச்சுப் பிடிபடாவிட்டால் மனிதர்கள் மெல்ல ஓரத்துக்குப் போய்விடுவார்கள். காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். சில சமயம் அழுக்கு அடைப்புதான், எடுத்தால் தீர்ந்தது. இல்லையென்றால் கேட்கும் திறனை அளந்து கருவி தேவையா என்று சொல்வார்கள். மறதி நோய்க்கு வழிவகுப்பவற்றில் நம்மால் தடுக்கக்கூடியவை என்று 2024இல் லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் பட்டியலிட்ட 14 காரணிகளில் காது மந்தமும் இருக்கிறது, தனித்துப் போவதும் இருக்கிறது. பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. செலவு என்று தயங்குவீர்கள், மகனிடம் கேட்க ஒரு வலுவான காரணமாக இருக்கட்டும்.

முழங்காலுக்கு ஒரு மடக்கு நாற்காலி போதும். தரையில் உட்கார்ந்து ஓதினால்தான் பலன் என்று எந்தத் திருமுறையிலும் இல்லை. சோமவாரமும் பிரதோஷமும் முழு உபவாசம் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள், சர்க்கரை மாத்திரையும் சாப்பிடுகிறீர்கள். சில மாத்திரைகள் வெறும் வயிற்றில் சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடும். பால் பழ விரதமாக்கிக்கொள்ளலாமா, மாத்திரையை எப்படி மாற்றுவது என்று அடுத்த முறை போகும்போது கேட்டுவிடுங்கள்.

தனிமை மட்டும்தானா?

"இறைவன் சீக்கிரம் அழைத்துக்கொண்டால் நல்லது" என்று ஒரு வரி. நம் வீடுகளில் பெரியவர்கள் சாதாரணமாகச் சொல்கிற வார்த்தைதான். அதற்காகக் கேட்காமல் கடந்துபோக என் தொழில் விடாது. விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்து பிறகு தூக்கம் வராமல் இருக்கிறதா? சாப்பாடு ருசிக்கவில்லையா, எடை குறைந்திருக்கிறதா? மிக முக்கியமாக, பாடப் பிடிக்காமல் போயிற்றா? இவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அது தனிமையைத் தாண்டிய மனச்சோர்வாக இருக்கலாம். தனிமைக்குக் கூட்டம் மருந்து. மனச்சோர்வுக்குக் கூட்டத்தை மட்டும் மருந்தாகக் கொடுத்தால் "எல்லோர் நடுவிலும் இப்படி இருக்கிறேனே" என்று குற்ற உணர்வு கூடும். தைராய்டு, வைட்டமின் பி12, ரத்தசோகை இவற்றாலும் இப்படி ஆகலாம் என்பதால் இரத்தப் பரிசோதனை வேண்டும். தேவைப்பட்டால் கொடுக்கும் மனச்சோர்வு மாத்திரைகள் தூக்க மாத்திரை அல்ல, அடிமைப்படுத்துபவையும் அல்ல. வேலை செய்யத் தொடங்கச் சில வாரம் ஆகும். நீங்களாக நிறுத்தாமல் இருந்தால் போதும்.

உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் ஒருமுறை தலைகாட்டினாலும் அன்றே மகனிடம் சொல்லுங்கள். எந்த நேரமும் 14416 என்ற எண்ணில் தமிழில் மனநல ஆலோசகரோடு பேசலாம், கட்டணம் இல்லை.

சுமங்கலிகள் மட்டும்

இதற்காகச் செயலாளரிடம் சண்டை போடச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வாட்ஸ்அப் வரியை உங்கள் மதத்தின் தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நிச்சயித்த மாப்பிள்ளை போர்க்களத்தில் இறந்தபின் திருவதிகைக் கோயிலில் அலகிட்டு, மெழுகிட்டு, பூமாலை கட்டி வாழ்ந்தவர் திலகவதியார். அப்பரைச் சைவத்துக்குத் திருப்பிக் கொண்டுவந்ததே அந்த அக்காதான். கணவர் போனபின் பூக்கட்டும் கை தகுதி இழந்துவிடும் என்றால் திருவதிகையில் யாரை வைத்துக் கும்பிடுவது? அடுத்த மார்கழியில் குடியிருப்புப் பிள்ளைகளுக்குத் திருவெம்பாவை சொல்லிக் கொடுக்கிறேன் என்று அதே குழுவில் ஒரு செய்தி போடுங்கள். இருபதே பாட்டு. அழைப்புக்குக் காத்திருக்காமல் அழைப்பவராகிவிடலாம். பேரன் தட்டச்சு செய்து தருவான்.

மகனிடம் எப்படிச் சொல்வது

"எனக்கு இங்கே தனிமையாக இருக்கிறது" என்று தொடங்கினால் "நாங்கள் என்ன குறை வைத்தோம்?" என்றுதான் பதில் வரும். இருவரும் புண்பட்டு அதோடு பேச்சு நின்றுவிடும். தேவையை மட்டும் கேளுங்கள். "தம்பி, செவ்வாய்க்கிழமை காலை கோயிலில் ஓதப் போகப் போகிறேன். முதல் இரண்டு வாரம் நீயோ மருமகளோ கூட வந்து வழி காட்டு. வீட்டுச் சாவி ஒன்று எனக்கு வேண்டும். காது டெஸ்டுக்கு இந்தச் சனிக்கிழமை கூட்டிப் போ." இதில் குற்றச்சாட்டு இல்லை, அவர் செய்யக்கூடிய வேலை இருக்கிறது. நீங்கள் தனியே போய் விழுந்துவிடுவீர்களோ என்று பயப்படுவார். வழுக்காத செருப்பு, கைப்பையில் முகவரியும் மாத்திரைப் பட்டியலும், போய்ச் சேர்ந்ததும் ஒரு போன் என்று நீங்களே சொல்லிவிட்டால் பாதி பயம் போகும். நீர் விஷயத்தை மகனிடம் சொல்லக் கூசினால் மருமகளிடம் சொல்லுங்கள். அவர் உங்களுக்கு யூடியூப் கற்றுக்கொடுத்தவர். இதையும் பார்த்துக்கொள்வார் என்று எனக்குத் தோன்றுகிறது.

வீட்டை எழுதிக் கொடுப்பது

அந்த இல்லம் எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியாது, நல்லதாகவே இருக்கலாம். ஆன்மிகச் சூழலில் முதுமையைக் கழிக்க விரும்புவதும் உங்கள் உரிமை. அதற்கு மகனின் அனுமதி தேவையில்லை. ஆனால் அறைக்கு ஈடாக வீடு என்ற பேச்சு என்னை நிறுத்துகிறது. நான் வழக்கறிஞர் அல்ல. முதியவர்களின் வீட்டுப் பத்திரச் சிக்கல்கள் என் அறைவரை வந்து இரத்த அழுத்தமாக நிற்பதால் சில அடிப்படைகளை மட்டும் சொல்கிறேன்.

"அவர் வீடு, இனி எனக்குத்தான்" என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கணவர் சொந்தச் சம்பாத்தியத்தில் கட்டி, உயில் எழுதாமல் இறந்திருந்தால், 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும், உயிரோடு இருந்தால் அவருடைய தாய்க்கும் சமபங்கு. மாமியார் முன்பே காலமாகிவிட்டார், ஒரு மகன், ஒரு மகள் என்பதால் உங்களுக்கு மூன்றில் ஒரு பங்குதான். அந்தப் பங்கு முழுக்க உங்களுடையது, யாருக்கும் கொடுக்கலாம். மற்ற இரண்டு பங்கையும் எழுதிக் கொடுக்க உங்களால் முடியாது. உயில் இருந்தால் கதை வேறு.

தான செட்டில்மென்ட் (உயிரோடு இருக்கும்போதே சொத்தைப் பிறருக்கு எழுதிக் கொடுக்கும் பத்திரம்) பதிவாகிவிட்டால் பிறகு நினைத்தபோது ரத்துசெய்ய இயலாது. உயிலை உயிரோடு இருக்கும்வரை மாற்றலாம், இது அப்படியல்ல. 2007ஆம் ஆண்டு பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, பராமரிப்பதாக ஏற்றுச் சொத்தை வாங்கியவர் பராமரிக்கத் தவறினால் அந்தப் பத்திரத்தைச் செல்லாததாக்க வழி தருகிறது. கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் முறையிடலாம். ஆனால் பராமரிப்பு நிபந்தனை பத்திரத்திலேயே எழுத்தில் இருந்தால்தான் உங்கள் கை வலுவாக இருக்கும். "சாமி சாட்சி, எழுத்து எதற்கு" என்று அவர்கள் சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

போக ஆசை இருந்தால் முதலில் மாத வாடகைக்கு ஒரு மாதம் தங்கிப் பாருங்கள். அங்கே இருக்கும் பெண்கள் பூஜை முடிந்தபின் ஒருவரோடொருவர் பேசுகிறார்களா, அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார்களா என்று கவனியுங்கள். இரண்டாவது என்றால் ஒன்பதாவது மாடியே பரவாயில்லை. இரவில் ஆள் உண்டா, படுத்த படுக்கையானால் வைத்துக்கொள்வார்களா, வெளியேற நினைத்தால் பணம் திரும்புமா என்று கேளுங்கள். இல்லம் முறையாகப் பதிவானதா என்று மாவட்ட சமூக நல அலுவலகத்தில் விசாரிக்கலாம். 14567 மூத்த குடிமக்களுக்கான உதவி எண். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி கிடைக்கும். 15100க்குப் போன் செய்தால் வழி சொல்வார்கள்.

நீங்கள் கேட்காத மூன்றாவது வழி ஒன்றும் இருக்கிறது. மார்கழி முழுக்க ஊரில் இருந்துவிட்டு வரலாம். மற்ற மாதங்களில் முற்றோதல் ஞாயிறுக்கு முதல்நாள் போய்த் திங்கள் திரும்பலாம், துணைக்கு ஊரிலேயே ஒரு பெண்ணை இரவு தங்கச் சொல்லலாம். இதெல்லாம் நடக்க வேண்டுமென்றால் போய் இறங்க அந்த வீடு வேண்டும். பூட்டிக் கிடக்கிறது என்று நீங்கள் சொல்லும் வீட்டுக்கு இதைவிட நல்ல உபயோகம் எனக்குத் தெரியவில்லை. மகனும் மகளும் சேர்ந்து உட்கார்ந்து முடிவு செய்யுங்கள்.

ஆக, இந்த வாரம் மருத்துவரிடம் போங்கள், அடுத்த வாரம் ஓதுவாரைப் பாருங்கள். வீட்டு விஷயத்தை ஆறு மாதத்துக்குத் தொடாதீர்கள். இதற்கிடையில் இல்லத்திலிருந்து போன் வந்தால் "வக்கீலைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்று வையுங்கள். பார்த்துவிட்டுத் திருப்பித் தருகிறோம் என்று பத்திரம் கேட்டால் நகலை மட்டும் கொடுங்கள். தாய்ப்பத்திரத்தின் அசல் உங்கள் பூஜை அலமாரியிலும் வேண்டாம், மகள் பெயரையும் சேர்த்து வங்கி லாக்கரில் இருக்கட்டும்.